காத்தமுத்து செம்பு

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் டாக்ஸிக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மலேசியாவா மேடம்? கோடாலித் தைலம் இருக்குமா?" என்பதுதான். இருந்தது. ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தேன். திருவாரூர் வரைக்கும் மனிதர் அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டே ஓட்டினார். வண்டி முழுக்க எங்கள் அம்மா வாசனை. ஈப்போவை விட்டு வந்த மாதிரியே இல்லை.

கெட்ட பெயர் எடுத்தவர்கள்தான் இருபது வருடமாக எனக்குச் சோறு போடுகிறார்கள். நான் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவள். நல்லவர்களைப் பற்றி எழுத ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் கோயில் நகையை விற்றார் என்று பேசப்பட்ட தர்மகர்த்தா, காட்டிக்கொடுத்தார் என்று தூற்றப்பட்ட தொழிற்சங்கத் தலைவர், இப்படிப்பட்ட கூட்டம். என் போன புத்தகத்தின் வெளியீட்டு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடுங்கினார், இன்னொருவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் ஒரே ஆளின் பேரன்கள்!

இந்த முறை என் ஆள் கங்காணி தங்கையன். கங்காணி என்றால் இங்கே கிராமத்தில் ஆள் திரட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, அங்கே ரப்பர் தோட்டத்தில் அவர்களை வேலை வாங்கியவர். தங்கையன் மேல் எங்கள் பக்கத்தில் இரண்டு குற்றச்சாட்டு. தோட்டத்தில் காய்ச்சல் பரவியபோது, தான் கூட்டி வந்த ஜனங்களைப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடிவிட்டார். ஓடினவர் சும்மா ஓடவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களின் பித்தளைச் செம்புகளைத் திருடிக்கொண்டு ஓடினார்.

இரண்டாவது குற்றச்சாட்டு எனக்குச் சொந்த விஷயம். என் அப்பாவின் தாத்தா காத்தமுத்து அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பிழைத்துத் திரும்பி வந்து பார்த்தால் செம்பைக் காணோம். சாகும்வரை அதையே சொல்லிப் புலம்பினாராம், எந்த ஊர்க்காரர் என்பதைத்தான் எங்களில் யாரும் கேட்டுவைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை தன் செம்பை அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று அவருடைய அம்மா அதன் அடியில் ஒரு மீன் வெட்டச் சொல்லியிருந்தாளாம். அதனால் எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் "காத்தமுத்து செம்புதான்" என்போம். தலைமுழுகிவிட வேண்டியதுதான் என்று அர்த்தம். பஸ்ஸில் விட்ட குடை காத்தமுத்து செம்பு. என் தம்பியின் முதல் காதலும் காத்தமுத்து செம்புதான்.

புத்தகம் முழுவதும் அச்சகத்தில் தயாராக இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு 'செம்புத் திருடன்' என்று நான்தான் தலைப்பு வைத்திருந்தேன். ஆனால் தொழிலில் எனக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் அதை எழுதுவேன். சொன்னவர் பெயரை அட்டையில் குறித்துவைப்பேன். இந்த அட்டையில் இருந்ததோ ஒரே ஒரு பெயர். அதுவும் என் கொள்ளுத்தாத்தா! சொந்தக்காரர் சாட்சி செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதும் சொல்லாவிட்டால் இருக்கிறபடியே அச்சேறும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். திங்கள் ராத்திரி நான் திருவாரூர் லாட்ஜில் பெட்டியை இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினம் போனேன். கப்பல் கிளம்பிய கடலைப் பார்க்காமல் எப்படி? பார்த்தேன், கடல் கடலாகவே இருந்தது. அதைவிடப் பக்கத்தில் ஒரு அம்மா வறுத்துக்கொண்டிருந்த கொடுவா மீன் என்னை இழுத்தது. மிளகாய்த்தூள் சிவப்பு கண்ணைப் பறித்தது. இரண்டு துண்டு என்று ஆரம்பித்தவள் ஐந்தில் போய் நின்றேன். எங்கள் ஊரில் மீனை வாழையிலையில் சுற்றிச் சுடுவார்கள், அதுவும் ருசிதான், ஆனால் இந்த மொறுமொறுப்பு கிடையாது.

"எந்த ஊருங்க?" என்றார் அந்த அம்மா.

"மலேசியா."

கரண்டி நின்றது. "எங்க வூட்டுக்காரரோட அண்ணன் அங்கதாங்க இருக்காரு. போயி பன்னெண்டு வருசமாச்சு, ஒரு போனு இல்ல. பாத்தீங்கன்னா பேசச் சொல்லுங்க."

மலேசியா பெரிய நாடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, சொல்கிறேன் என்றேன். ஆறாவதாக ஒரு துண்டு வைத்துவிட்டு, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

புதன்கிழமை பஸ்ஸில் அசடு வழிந்தேன். தங்கையன் ஊர் நடுவாய்க்கால். கண்டக்டர் "மேலயா, கீழயா?" என்றார். தோட்டத்துப் பதிவேட்டில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இருபது வருட ஆராய்ச்சியாளராயிற்றே, கெத்தாக "மேல" என்றேன். மேலநடுவாய்க்காலில் இறங்கிக் கேட்டால் கங்காணியா, அப்படி யாரும் இங்கே இல்லையே என்கிறார்கள். டீக்கடையில் இருந்த ஒருவர் மட்டும், "அது கீழநடுவாய்க்காலுங்க. கெழக்கால நாலு கிலோமீட்டரு" என்று வழி காட்டினார். அறுவடை முடிந்த வயலும் முடியாத வயலுமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தார்ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெல்லை மிதிக்காமல் மீதிப் பாதியில் லாரிக்கும் வழிவிட்டு நடப்பது ஒரு வித்தை. ஈப்போவில் ரோட்டில் நெல் கொட்டினால் போலீஸ் வரும். இங்கே போலீஸ் ஜீப்பே ஒதுங்கிப் போனது.

கீழநடுவாய்க்காலை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வடகரை, தென்கரை. நடுவில் ஒரு சின்னப் பாலம். வடகரையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் உரக்கடை. கடைக்காரர் பெயர் தமிழரசி, கங்காணி தங்கையனின் கொள்ளுப்பேத்தி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். கையிலிருந்த பில் புத்தகத்தை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருடன்னு எழுதப்போறீங்களா?"

"தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

"எங்க வீட்டுக்கு இந்த ஊருல என்ன பேரு தெரியுமா மேடம்? செம்புத்திருடன் வீடு. கொரியர்காரன் கூட அப்படித்தான் கேட்டுக்கிட்டு வர்றான். என் பொண்ணு ஸ்கூல்ல சண்டை போட்டுட்டு வந்து நிக்கிது. இது வாயால சொல்றது, என்னிக்காச்சும் மறந்துபோகும். நீங்க புஸ்தகத்துல போட்டுட்டா அழியுமா?"

கோபத்திலும் சோறு போடாமல் விடவில்லை அவர். வயல் நண்டு ரசம். ஓட்டோடு இடித்துப் போட்டு மிளகு தூக்கலாக வைத்திருந்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் கொட்ட, நான் கேள்வி கேட்டுக்கொண்டே குடித்தேன்.

"ஓடி வந்தார்ங்கிறது உண்மைதானே?"

"ஓடித்தான் வந்தாரு. அதுல என்ன ஒளிவு? பயந்தா யாருதான் ஓட மாட்டா? ஆனா செம்பத் திருடல. செத்தவங்க சாமானு, அவங்கவங்க வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு சாக்குல கட்டித் தூக்கிட்டு வந்தாரு. ஏழு செம்பு. படித்துறையில உக்காந்து புளி போட்டு வெளக்கி, வரிசையா கவுத்து வெச்சிட்டு, தூரப் போயி நின்னுக்கிட்டாராம். அந்த வீட்டுப் பொம்பளைங்க முகத்தப் பாக்க அவருக்குத் தெம்பு இல்ல."

நல்ல கதை. ஆனால் கொள்ளுப்பேத்திகள் புளி போட்டு விளக்காத கொள்ளுத்தாத்தா உலகத்தில் உண்டா? அட்டையில் தமிழரசி பெயரை எழுதினேன். கீழே ஒரு கோட்டைக் காலியாக விட்டேன். இதை அப்படியே சொல்ல அவருக்கு ஆகாத ஒருவர் வேண்டும்.

"தென்கரையில யாரைப் பார்க்கலாம்?"

"அங்கெல்லாம் நாங்க பேச்சுவார்த்தை கெடையாது. அந்தச் செம்பு வூட்டுக்காரங்க அங்கதான் இருக்காங்க. நூறு அடி நடந்தா என் கடை. ஆனா உரம் வாங்கத் திருவாரூர் போவாங்க. அவ்வளவு ரோசம்."

வியாழக்கிழமை தை அமாவாசை. பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி ரோட்டை அடைத்திருந்தன. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப்போய் டீ குடிக்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். நெல்லை இறக்கிவிட்டுக் காலி டிராக்டரோடு ஒருவர் எதிரே வந்தார். ஐம்பது வயது, வாயெல்லாம் பல். கீழநடுவாய்க்கால் போகுமா என்றேன்.

"என் ஊருதான். தென்கரை. யாரைப் பாக்கணும்?"

"தங்கையன் கங்காணின்னு ஒருத்தரைப் பத்தி விசாரிக்கணும்."

"செம்புத்திருடனா? ஏறுங்க, ஏறுங்க!" என்றார், கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போல.

சக்கரத்து மட்கார்டு மேல் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்தாறு வயதில் என் முதல் டிராக்டர் சவாரி! ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் கண்ணாடி மூக்கிலிருந்து குதித்தது. அவர் பெயர் செல்வமணி. சத்தத்துக்கு மேல் சத்தமாகத் தங்கையனைத் திட்டிக்கொண்டே வந்தார். "செத்த பொணத்து சாமானையே அடிச்சவன் மேடம் அவன்! எங்க வூட்டுலயே ஒருத்தரு அவங்கூடப் போயி செத்தாரு!" வாத்துக்கூட்டம் ஒன்று குறுக்கே போனது. அதற்காக வண்டியை நிறுத்தினாரே தவிர, திட்டை நிறுத்தவில்லை.

வீட்டில் அவர் மனைவி ராணி படையலை முடித்திருந்தார். தலைவாழை இலையில் வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம். பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர். காக்கை வந்து சோறு எடுத்துவிட்டதால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நாளும் கிழமையுமாக வந்திருக்கிறீர்கள், சாப்பிடாமல் பேச்சே கிடையாது என்று என்னை உட்காரவைத்துவிட்டார்கள். வடைக்காகவே இன்னொரு பிறவி எடுக்கலாம் போல இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "திருடினார்னா, செம்பு எங்கே போச்சு?"

"எங்க போகும்? படித்துறையில போட்டுட்டு ஓடிட்டான்ல. எங்காளுங்க பாத்துருவாங்கன்னு பயம்" என்றார் செல்வமணி.

ராணி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னார், "போட்டுட்டு எங்க ஓடுனான்? வரிசையா கவுத்து வெச்சிருந்துச்சுன்னுல்ல உங்க அம்மா சொல்லுவாங்க. ஏழு செம்பும். புளி போட்டு வெளக்கிப் பளபளன்னு."

வாய்க்குப் போன கவளத்தை இலையிலேயே வைத்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்க!"

ராணி இன்னொரு தடவை சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. கரண்டியைக் கீழே வைத்தார். "ஏங்க, திருடுனவன் உக்காந்து வெளக்கி வெப்பானா?"

செல்வமணி வாயில் போன வடை வாயிலேயே இருந்தது. நூறு வருடமாக அந்த வீட்டில் சொல்லிவந்த கதையை அன்றைக்குத்தான் இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் இடது கையால் பையைத் துழாவி அட்டையை எடுத்து, காலியாக இருந்த கோட்டில் ராணி பெயரை எழுதினேன். ஆறு வருட உழைப்பில் ஒரு அத்தியாயம் கவிழ்ந்துவிட்டது, எனக்கோ சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

சிரித்ததில் புரையேறிவிட்டது. ராணி பதறி, படையலில் இருந்த செம்பை எடுத்து நீட்டினார். அண்ணாந்து குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கீழே வைக்கும்போதுதான் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தைப் பார்த்தேன். காத்தமுத்து. செம்பைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு மீன். வால் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"இவர் யார்?"

"அவருதான் மேடம், கங்காணிகூடப் போயி செத்தவரு. எங்க அப்பாவோட தாத்தாவுக்கு அண்ணன். கல்யாணம் ஆவாத ஆளு. செம்பு வந்துச்சுல்ல, ஆளு போயிட்டாருன்னு தெரிஞ்சிக்கிட்டாங்க. அன்னையிலேருந்து அமாவாசைக்கு அமாவாசை படையல் போடறோம்."

"அவர் சாகலைங்க" என்றேன். "ஆஸ்பத்திரியிலேருந்து பிழைச்சு வந்துட்டார். அதுக்கப்புறம் நாற்பது வருஷம் இருந்தார். கல்யாணம் பண்ணிக்கிட்டார். ஏழு பிள்ளை. கோழி வளர்த்தார். செம்பைக் காணோம்னு வீட்டில எல்லார் உயிரையும் எடுத்தார். நான் அவரோட பேரனுக்குப் பொண்ணு."



செல்வமணி தலையில் கை வைத்தார். "அடப்பாவி! உயிரோட இருந்த மனுசனுக்கா நாங்க படையல் போட்டோம்?"

"அப்ப இத்தன வருசம் அந்தச் சோத்த எந்தக் காக்கா தின்னுச்சு?" என்றார் ராணி.

"கவலைப்படாதீங்க, இப்ப செத்துட்டார். இனிமே தாராளமா போடலாம்" என்றேன். அவ்வளவுதான், மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். செல்வமணி சிரித்துக்கொண்டே அழுதார். ஏன் ஒரு கடிதம் கூடப் போடவில்லை என்று கேட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. எழுதிக் கொடுக்கிற கங்காணிதான் ஓடிவிட்டாரே. அதைச் சொன்னபோது என் சிரிப்பும் நின்றுவிட்டது. நாகப்பட்டினத்தில் மீன் வறுத்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

ராணி உறவுமுறையை விரல் விட்டு எண்ணி முடித்திருந்தார். "அப்ப நீங்க இவருக்கு அக்கா முறை. எனக்கு நாத்தனாரா? போச்சு போங்க! நாத்தனார் இல்லாத வூடுன்னு இத்தன நாளு நிம்மதியா இருந்தேன்." சொல்லிவிட்டு என் இலையில் இரண்டாவது கரண்டி பாயசம் விட்டார். அதுவரை மேடமாக இருந்தவள் வெற்றிலை போடும்போது அக்காவாகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போன் செய்தேன். தங்கையன் ஓடினார் என்ற வரி இருக்கட்டும், அது உண்மை. உயிரோடு இருந்தவர்களை விட்டுவிட்டுத்தான் ஓடினார். இரண்டாவது குற்றச்சாட்டை எடுத்துவிடுங்கள். அத்தியாயத் தலைப்பிலும் 'திருடன்' வேண்டாம், 'செம்பு' என்று மட்டும் இருக்கட்டும், பாக்கியை இன்று மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவர்கள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

தமிழரசியிடம் நேரில் சொல்ல அவர் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாலத்தின் மேல் பைக் சத்தம். செல்வமணி. பின்னால் ராணி, மடியில் துணி சுற்றிய பொட்டலம். கடையில் உரம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாங்குவதை மறந்து நின்றார்கள். தென்கரை வண்டி அந்த வாசலில் நின்று அவர்கள் பார்த்ததில்லை.

செல்வமணி பொட்டலத்தைப் பிரித்தார். ராணி விடிகாலையிலேயே புளி போட்டு விளக்கியிருக்க வேண்டும், செம்பு தங்கம் போல ஜொலித்தது. அதைத் தமிழரசியின் மேசை மேல் கவிழ்த்து வைத்தார். மீன் மேலே பார்த்தது.

"உங்க பாட்டனாரு கொண்டாந்தது" என்றார். "ஏழுல ஆறு சரியாத்தான் சேத்தாரு. இது மட்டும் உயிரோட இருந்த ஆளுதுங்க. அவரு கொள்ளுப்பேத்தி இந்தா நிக்கிறாங்க. நீங்க உங்க கையால குடுத்தாத்தான் நாயம்."

தமிழரசி செம்பைத் தொடவில்லை. எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்லி, இரண்டு பெயர் எழுதிய அட்டையைக் காட்டினேன். தன் பெயருக்குக் கீழே ராணியின் பெயரை அவர் விரல் வைத்து வாசித்தார்.

"உயிரோட இருக்கிறவரு செம்பத் தூக்கியாந்துட்டாரா?" என்றார். "அப்ப அந்த ஒண்ணு திருட்டுதானே?"

"அட, வுடுங்க தங்கச்சி" என்றார் செல்வமணி. தங்கச்சி என்று சொன்னதை அவரே எதிர்பார்க்கவில்லை போல. உடனே எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உளுந்துக்குத் தெளிக்க டி.ஏ.பி. இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. எத்தன மூட்ட?" என்றார் தமிழரசி. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு செம்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார். ராணி அவசர அவசரமாக என் பைக்குள் வடைப் பொட்டலத்தைத் திணித்தார்.

ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் கத்தினேன், "டேய், காத்தமுத்து செம்பு கிடைச்சிடுச்சுடா! நிஜச் செம்பு! மீன் இருக்கு! என் மடியில இருக்கு!"



"அப்ப இனிமே நம்ம வீட்டில எதாவது தொலைஞ்சா என்னக்கா சொல்றது?" என்றான்.

"அதையேதான் சொல்லணும்" என்றேன். "லேட்டானாலும் வந்துடும்னு அர்த்தம்."